முதல் டிஸ்க்கை எடுத்தது நான்

கண்ணு,

சாப்பிட்டாயா என்று கேட்காமல் நான் உன்னிடம் எந்தப் பேச்சையும் ஆரம்பித்ததில்லை. இன்றைக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன். சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும். போன வருஷம் உன் அப்பாவின் பீரோவிலிருந்து காணாமல் போன டிஸ்க்கை அன்வர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். வயரை நறுக்கிப் பழைய இரும்பு வண்டிக்காரரிடம் போட்டுவிட்டேன். நீ அவனைத் திருடன் என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இதை வீட்டுக்குள் உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் மேல் பழி விழுந்தது வீட்டுக்குள் இல்லை, தெருவில். அதனால் எங்கள் மகளிர் குழு நடத்துகிற மாத இதழில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். குழுவில் இருக்கிற டீச்சரம்மா எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தார். "இன்னாமே, இதை எல்லாம் ஊரே படிக்கும், தெரியுமா?" என்றார். "படிக்கட்டும் டீச்சர், எழுத்தை மட்டும் பாருங்க, விஷயத்துல கைய வெக்காதீங்க" என்றேன். இதழ் வருவதற்குள் நீ வேலைக்குப் புனே கிளம்பிவிடுவாய். அதனால் என் கையெழுத்தில் இருக்கிறதை உன் பெட்டியின் மேல் வைக்கிறேன்.

நீயும் அன்வரும் மாடி ரூமில் என்ன வேலை செய்தீர்கள் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஷூ கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால், "காப்பி எடுக்கிற மெஷினு ஒண்ணு கண்டுபிடிக்கிறான்" என்பேன். "அதான் ஜெராக்ஸ் கடையில இருக்குதே" என்று சிரிப்பார்கள். ஒரு நாள் நான் வடை போட்டுக்கொண்டிருந்தபோது அன்வர் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தான். "அம்மா, ஒரே வீட்டுல நாலு குடித்தனம் இருக்குதுல்ல? தனித்தனி அடுப்பு, தனித்தனி பூட்டு. ஆனா வீடு ஒண்ணுதான். அந்த மாதிரி ஒரு பெரிய மெஷினுக்குள்ள நாலு மெஷினு, ஒண்ணொண்ணும் தான் தனின்னு நெனச்சிக்கும். அந்த நாலு குடித்தனத்துல இருக்கிற சாமான் பூரா காப்பி எடுத்து வெக்கிறதுதான் எங்க டூலு."

"எல்லாத்தையும் தெனம் எடுப்பீங்களா?" என்றேன்.

"அங்கதாம்மா வெசயமே. மொத தடவ முழுசா எடுப்போம். அதுக்கு ரெண்டு நாள் கூட ஆவும். அப்புறம் எந்தெந்தத் துண்டு மாறிச்சோ அதுல ஒரு புள்ளி வெச்சிக்குவோம். அடுத்த வாரம் புள்ளி வெச்சத மட்டும் எடுப்போம். டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிடும். பின்னால மெஷினு படுத்துக்கிச்சின்னா, மொத காப்பி மேல மாறுனத எல்லாம் வரிசையா ஒட்டணும். அந்த ஒட்டுற வேலை என்னுது. புள்ளி வெக்கிறது உங்க புள்ளையுது."

நீ உள்ளே இருந்து, "அம்மாவுக்கு எதுக்குடா இதெல்லாம், வடைய வாங்கினு வாடா" என்று கத்தினாய். அவன் விடவில்லை. "மொத காப்பி போச்சின்னா எல்லாம் போச்சும்மா. மீதி எத்தினி இருந்தாலும் வேஸ்ட்டு. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் மொதல்ல அது நல்லா இருக்குதான்னு டூலே பார்த்துக்கணும்ங்கறேன். இவன் அப்புறம் பாக்கலாம்ங்கறான்" என்றான். நான் தலையை ஆட்டினேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, என் கவனம் அதில் இருந்தது. அவன் சொன்னது காதில் விழுந்தது, மனசில் நிற்கவில்லை. அன்றைக்குக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். இது சாக்கு இல்லை, எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். கம்பெனியில் நான் சாம்பிள் ரூமுக்கு வந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். வெளிநாட்டு ஆர்டருக்கு ஒரு சாம்பிள் ஷூ ஓகே ஆகி வரும். லைனில் தைக்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் தைக்க வேண்டும். அதில் மாற்றம் செய்து புது சாம்பிள் வந்தால், பழசைக் கத்தியால் கீறி, சில்வர் பேனாவால் பெருக்கல் குறி போட்டு வீசிவிட வேண்டும். நான் பழசு நன்றாகத்தானே இருக்கிறது என்று மேஜை மேலேயே வைத்துவிட்டேன். யாரோ அதை எடுத்துக்கொண்டு போய், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த லைன் பூராவும் தப்பான ஷூவைத் தைத்தது. மாஸ்டர் என்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்தார். "புதுசு வந்தா பழசு குப்பை. குப்பைய யாரும் திருப்பி எடுக்க முடியாத மாதிரி வெட்டிப் போடணும். தெரியுதா?" என்றார். இருநூறு பேர் தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிறகு பழைய சாம்பிள் எதையும் என் கை சும்மா விட்டதில்லை.

உன் அப்பா போனது உனக்குத் தெரியாததா. தோல் மண்டியில் லோடு இறக்கிவிட்டு, ஸ்டேஷன் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர், டீ ஆறிப்போய்க் கிடக்க அப்படியே சாய்ந்துவிட்டார். உன்னால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அன்றைக்குப் பந்தல் போடச் சொன்னது, நாற்காலி கொண்டுவந்தது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது எல்லாம் அன்வர். சுடுகாடு வரைக்கும் நடந்துபோனான். மூன்று நாள் எங்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தான். அவன் அம்மா, அம்மி என்றுதான் அவன் கூப்பிடுவான், எனக்குக் கஞ்சி கொண்டுவந்து, "குடி அக்கா, உனக்காக இல்லேன்னாலும் புள்ளைக்காகக் குடி" என்று ஊட்டிவிட்டார். இதையெல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் வைத்துக்கொண்டுதான் நான் அவனுக்கு அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கருமாதிக்கு முதல் நாள் உன் அப்பாவின் பீரோவைக் காலி செய்தேன். சட்டை, வேட்டி, பெல்ட், சவர செட்டு. அவர் வாசனை இருந்த எதையும் வைத்துக்கொண்டு என்னால் அந்த வீட்டில் படுக்க முடியாது என்று தோன்றியது. மேல் தட்டில் நீங்கள் வைத்திருந்த கறுப்பு டப்பாக்கள் இரண்டு இருந்தன. மாடியில் ஷீட்டுக் கூரைச் சூடு டிஸ்க்குக்கு ஆகாது என்று நீதான் அங்கே வைத்திருந்தாய். இரண்டின் மேலும், நீங்கள் டூலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தோல் கம்பெனியின் பெயர், கீழே தேதி. ஒன்றில் ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. இன்னொன்றில் போன சனிக்கிழமை தேதி. நான் யோசிக்கவே இல்லை கண்ணு. ஒரே பெயர், பழைய தேதி, புதுத் தேதி. என் கைக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான். பழசை எடுத்தேன். லேபிள் மேல் சில்வர் பேனாவால் பெருக்கல் குறி போட்டேன். யாரும் தப்பாக எடுத்துவிடக் கூடாது என்று தோல் வெட்டுகிற கத்தரியால் வயரை அடியோடு வெட்டினேன். வாசலில் வண்டி வந்திருந்தது. உன் அப்பாவின் பழைய டார்ச் லைட்டு, டூல் பெட்டி, அந்த டப்பா எல்லாம் போட்டேன். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் மக்கு கொடுத்தான். உனக்கு உதவி செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தோல் கம்பெனி ஆபீஸில் மெஷின் படுத்துக்கொண்டது. "இப்பதாம்மா நம்ம டூலுக்கு பரீட்சை" என்று நீ சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்தாய். அப்பா போன பிறகு நீ சிரித்தது அன்றைக்குத்தான். ஒரு டப்பாதான் இருந்தது. நீ மேல் தட்டு, கீழ் தட்டு, லாக்கர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டாய். "அம்மா, ரெண்டு இருந்துச்சே, பெருசு எங்க?" என்றாய். "எது பெருசு?" என்றேன். அது நடிப்பு இல்லை. எனக்கு அந்த நிமிஷம் நிஜமாகவே புரியவில்லை. அப்புறம் நீ தலையில் அடித்துக்கொண்டு, "அதுலதாம்மா முழு காப்பி இருந்துச்சு, இதுல இருக்கிறது வெறும் மாறுனதுதான், இத வெச்சினு ஒண்ணும் பண்ண முடியாது" என்றாய். அப்போது அடுப்பு முன்னால் அன்வர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் வந்தது. நீ, "எடுத்தவன் மூஞ்சில இனி முழிக்க மாட்டேன்" என்றாய். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் வாயை மூடினேன்.

பீரோ சாவி ஆணியில் தொங்கும் என்று நம் மூன்று பேரைத் தவிர அன்வருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் டிஸ்க்கைக் கொண்டுவந்து வைக்கிறவன் அவன். கருமாதி முடிந்ததும் டூல் யார் பெயரில் இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்து, அந்த மூன்று வாரமும் அவன் நம் வீட்டுக்கு வரவில்லை. நீ எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடினாய். நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடிவந்தேன். வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். நீ அவன் வீட்டு வாசலில் நின்று கத்தினாய்.

"சாவி எங்க தொங்கும்னு உனக்குத்தானேடா தெரியும்!"

"நான் எதுக்குடா எடுக்கப்போறேன்? பாதி என் வேலைடா அது! உங்க வீட்டுக்கு நான் ஒருத்தனா வந்தேன்? கருமாதிக்கு எத்தினி பேரு வந்தாங்க!"

"எங்கப்பா சாவுக்கு வந்தவங்கள திருடனுங்கறியா நீ? நீதான்டா திருடன்!"

கூட வந்த உன் மாமா, "நான் அப்பவே சொன்னேன், அவனுங்கள வீட்டுக்குள்ள விடாதன்னு" என்றார். 'அவனுங்க' என்று அவர் சொன்னது அந்தத் தெரு பூராவுக்கும் கேட்டது. கஞ்சி ஊட்டின அந்த அம்மா வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது. அன்வர் உன்னைப் பார்க்கவில்லை, உன் மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றேன்.

அவ்வளவுதான். இருநூறு பேர் முன்னால் தலை குனிந்து நிற்பது எப்படி இருக்கும் என்று உடம்பால் தெரிந்தவள் நான். அதே இடத்தில் அந்தப் பையனை நிறுத்திவிட்டு, உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நீ சாப்பிட்டாய். நான் பரிமாறினேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளையும் பேசாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாராவது ஏதாவது கேட்டால் அழுதுவிடுவேன், அவர்களும் பாவம் என்று விட்டுவிடுவார்கள். உன் அப்பாவின் சாவை நான் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவருக்கு அது தெரிந்தால் காறித் துப்பியிருப்பார். ஆனால் நிஜமான காரணம் அதைவிடச் சின்னது, சொல்லவே கூசுகிறது. என் பிள்ளை கம்ப்யூட்டரில் பெரிய டூல் செய்கிறான் என்று கம்பெனி பூராவும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அதைக் கெடுத்தது அவனைப் பெற்றவள், ஒன்றும் தெரியாத தற்குறி என்று நாலு பேர் சிரிப்பார்களே என்கிற வெட்கம். அந்த வெட்கத்துக்கு ஒரு பிள்ளையின் பெயரைக் கொடுத்தேன்.

அந்தத் தோல் கம்பெனிக்காரர்கள் பழைய காகிதங்களைப் பார்த்துக் கணக்குகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். உங்களைத்தான் அப்புறம் உள்ளே விடவில்லை. நீ தனியாக உட்கார்ந்து டூலை முடித்தாய். புனேவில் வேலை கிடைத்தது. இந்தப் பதினோரு மாதத்தில் சொல்லிவிடலாம் என்று எத்தனை தடவை உன் ரூம் படி ஏறினேன் தெரியுமா? டீயை வைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

போன வாரம் நீ அந்தப் புனே ஆபீஸ்காரர்களோடு கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருந்தாய். தமிழ்க்காரர் ஒருவர் போல, பாதி தமிழில் பேசினாய். ஒவ்வொரு தடவையும் முதல் காப்பி நன்றாக இருக்கிறதா என்று டூலே பார்த்துக்கொள்ளும், இல்லையென்றால் வேலையை நிறுத்திக் கத்தும் என்றாய். அவர் பாராட்டினார், எப்படித் தோன்றியது என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "கூட இருந்த தோஸ்த் ஒருத்தன் ஏமாத்திட்டான் சார், அதுல கத்துக்கிட்டேன்" என்றாய். நான் டம்ளரோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். கண்ணு, அது உன் யோசனை இல்லை. அது அவன் என் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னது. நீ அப்புறம் பார்க்கலாம் என்றாய். அவன் எழுதின பாதி இன்னும் அந்த டூலுக்குள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அவன் உன்னிடமிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. யார் யாரிடமிருந்து எடுத்தது என்று நீ நிதானமாக யோசித்துப் பார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று உன்னிடம் சொல்லிவிட்டு வாணியம்பாடி போனேன். அன்வர் அங்கே ஒரு கடையில் போன் ரிப்பேர் செய்கிறான். இளைத்துவிட்டான், தாடி வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா. போன் ரிப்பேரா?" என்றான். உட்காரச் சொல்லவில்லை.

"இல்லப்பா. அந்த டிஸ்க்கு... அது நான்தான்பா..."

"தெரியும்" என்றான். தலையை நிமிர்த்தாமல் போனின் திருகாணியைக் கழற்றிக்கொண்டே இருந்தான்.

நீ கத்தின மறுநாளே அவன் பைபாஸ் ரோட்டில் இருக்கிற பழைய இரும்புக் கடை எல்லாவற்றிலும் தேடியிருக்கிறான். ஒரு கடையில் மேல் டப்பா மட்டும் கிடைத்திருக்கிறது. உள்ளே இருந்ததைப் பிரித்து எடுத்து உருக்க அனுப்பிவிட்டார்கள். "லேபிள் மேல சில்வர் பேனாவுல பெருக்கல் குறி. வயரு அடியோட நறுக்கியிருந்துச்சு. எங்க அம்மியும் உங்க கம்பெனியில இருந்தவங்கதானே. பார்த்ததுமே சொல்லிட்டாங்க, இது சாம்பிள் ரூம் கை அப்படின்னு."

"அப்பவே வந்து கேட்டிருக்கலாமேப்பா..."

"மொத ரெண்டு மாசம் உங்களுக்காகச் சும்மா இருந்தேன். அப்பா போயி அம்பது நாள் கூட ஆவல. எப்படிக் கேக்கறது? அம்மியும் வேணாம்னு சொன்னாங்க. அப்புறம் கோவத்துல சும்மா இருந்தேன். நீங்களா வர்றீங்களான்னு பார்த்தேன். பதினோரு மாசம் ஆச்சு."

கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்றேன். அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "என்னை அவன் திருடன்னது எங்க தெருவுல. எங்க அம்மி முன்னாடி. நீங்க இங்க வந்து என் காதுல சொன்னா எப்படிம்மா?" என்றான். நியாயம்தானே.

கிளம்பும்போது அவனே கேட்டான். "டூலு ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"பெரிய மெஷினா இருந்தா திருப்பி ஒட்டும்போது ஒரு எடத்துல மாட்டிக்கும். எந்த எடம்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது."

"நான் அவன்கிட்ட சொல்லட்டா?"

"நீங்க சொல்ல வேணாம். அவன் வந்து கேட்டா சொல்றேன்."

நேற்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிகிற நேரத்துக்கு அவன் தெருவுக்குப் போனேன். எனக்குக் கூட்டத்தில் பேசத் தெரியாது. அவன் வீட்டு வாசலில் நின்று, "இந்த வீட்டுப் புள்ளைய என் புள்ள திருடன்னு சொன்னான். எடுத்தது நான். தெரிஞ்சும் வாயை மூடினு இருந்தேன். என் தம்பி பேசுன பேச்சுக்கும் நான்தான் காரணம்" என்று எவ்வளவு சத்தமாக முடியுமோ அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். சிலர் நின்றார்கள். ஒரு பெரியவர், "சரிம்மா, போம்மா, வெயில்ல நிக்காத" என்றார். அவன் அம்மா திரையை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரையை மறுபடியும் மூடிவிட்டார். உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆக இந்த விஷயம் தெரியாமல் இருக்கிறவன் இப்போது நீ ஒருவன்தான். அதுவும் நான் செய்த தப்புதான், அதற்கும் சேர்த்து நீ என்னைத் திட்டலாம். உனக்கு செவ்வாய்க்கிழமைதான் ரயில். அதற்குள் அவன் வீட்டுக்குப் போ. உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போகாதே, என்னையும் கூப்பிடாதே. முதலில் அவன் அம்மாவிடம் பேசு. டூலில் எந்த இடம் என்று கேட்கப் போனவன் மாதிரி போகாதே. அந்த ஆபீஸில் யார் யோசனை என்று கேட்டார்களே, அவர்களுக்கு அவன் பெயரைச் சொல்லிவிட்டுப் போ. வாசலிலேயே நிற்க வைத்தால் வாசலிலேயே நில்.

என்னோடு பேசாமல் ரயில் ஏறினாலும் ஏறு, நான் தாங்கிக்கொள்வேன். அவனோடு பேசாமல் ஏறாதே.

அம்மா